வீணையில் வெட்டிய நூலக எண்

குறை கருவியில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா என்று தெரியாத நிலையில் ஒருவர் எவ்வளவு காலம் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? செவ்வந்தியை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறேன். அறிவைப் பற்றியும் ஐயத்தைப் பற்றியும் எழுதியவர்கள் பலரைப் படித்திருக்கிறேன். அவர்களில் யாரும் இதற்கு நேராகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

செவ்வந்தி திருவாரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறார். நாற்பதைத் தொட்ட வயது. வீடு, கூத்தாநல்லூர் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஊரில். பெற்றோர் பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். கணவர் பிரபு குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைக்கிறார். செவ்வந்தியின் கைக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. நரம்பே தென்படாத முதியவர்களுக்கும், துள்ளிப் புரளும் குழந்தைகளுக்கும் முதல் குத்திலேயே ரத்தம் எடுத்துவிடுவார். அவர் இல்லை என்று தெரிந்தால் திரும்பிப் போய் மறுநாள் வருகிறவர்கள் உண்டு. அந்தக் கையைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை, வீணையைத் தொடும் வரையில்.

வீணை எங்கள் ஊர்க் கிளை நூலகத்துடையது. வீட்டை விற்றுவிட்டு வெளிநாட்டுக்கே போய்விட்ட ஒரு குடும்பம், தங்கள் புத்தகங்களோடு ஒரு வீணையையும் மிருதங்கத்தையும் நூலகத்துக்குக் கொடுத்தது. காட்சிப் பொருளாக வைக்கக் கூடாது, புத்தகம் மாதிரியே இரவல் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. மேலிடமும் சரி என்று எழுதிவிட்டது. நூலகர் நாகநாதனுக்குத்தான் நிம்மதி போயிற்று. ஒரு புத்தகம் காணாமல் போனாலே பதில் சொல்ல வேண்டியவர் அவர். இது வீணை.

சிறு வயதிலிருந்தே வீணை கற்க வேண்டும் என்று செவ்வந்திக்கு ஆசை. அது எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாது. திருவாரூரில் ஓய்வு பெற்ற இசை ஆசிரியர் ஆனந்தவல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுக்கிறார். ஆனால் வீட்டில் வீணை இல்லாதவர்களை அவர் சேர்ப்பதில்லை. தன் வீணையை யாரும் தொட விடுவதுமில்லை. ஆகவே நூலகத்து வீணை வந்த வாரமே செவ்வந்தி உறுப்பினர் அட்டையோடு போய் நின்றார்.

"எடுத்துட்டுப் போங்க. ஆனா பதினஞ்சு நாள்ல கொண்டாந்துடணும்," என்றார் நாகநாதன். "வேற யாரும் கேக்கலன்னாலும் ஒரு ராத்திரி இங்க இருக்கணும். மறுநாள் வந்து திரும்ப எடுத்துக்கலாம்."

"மறுவீட்டுக்கு வர்ற பொண்ணாங்க இது, ஒரு ராத்திரி தங்கிட்டுப் போக?"

"புத்தகத்துக்கு அப்பிடித்தாங்க. வீணைக்குன்னு தனியா விதி எதுவும் வரல."

அப்படித்தான் தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பிரபுவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, வீணையை மடியில் குறுக்காகப் போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தில் திருவாரூர். எதிரே வருகிறவர்கள் வீணையின் முனையில் செதுக்கிய யாளி முகத்தில் இடித்துக்கொண்டு திட்டுவார்கள். இதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியது வேறொன்றை. எந்தத் தந்தியை மீட்டினாலும் சுரத்தோடு கூடவே ஓர் இரைச்சல் எழுந்தது. தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதைப் போல.

"மோட்டார்ல பேரிங் போன சத்தம் மாதிரில்ல இருக்கு," என்றார் பிரபு. "கொஞ்சம் எண்ணெ விட்டுப் பாரேன்."

"ஒங்க வாயிக்கு விடுறேன் எண்ணெய."

ஆனந்தவல்லிக்கு அது வேடிக்கையாக இல்லை. தாமதமாகக் கற்க வருகிறவர்கள் எல்லோரும் கருவியைத்தான் குறை சொல்வார்கள் என்பது அவருடைய முடிந்த முடிவு. கண்ணில் புரை நீக்கியதிலிருந்து கிட்டத்துப் பார்வை தெளியாததால் எதிரே சற்றுத் தள்ளி உட்கார்ந்துதான் கேட்பார். "மெட்டுக் கம்பி மேல விரல் சரியா உக்காரலம்மா. அழுத்து. இன்னும் அழுத்து," என்பார். செவ்வந்தி அழுத்தினார். விரல் நுனி கிழிந்து ஆறிக் கெட்டியானது. பரிசோதனை நிலையத்தில் கையுறை மாட்டும்போது எரிந்தது. இரைச்சல் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "எல்லாருக்கும் கை வாய்க்கறதில்ல செவ்வந்தி. ஆடி வரைக்கும் பாப்போம். மொதப் பாடம் சரளி வரிசையே சுத்தமா வரலன்னா நிறுத்திக்குவோம். சும்மா ஒன் ஞாயித்துக்கெழமைய ஏன் கெடுத்துக்கற?"

ரத்தம் எடுப்பதில் பெயர் வாங்கிய ஒருவரிடம் கை இல்லை என்று சொன்னால் அது எப்படி உள்ளே இறங்கும் என்று ஆனந்தவல்லிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த வாரம் பரிசோதனை நிலையத்தில் ஒரு முதியவருக்கு இரண்டு தடவை குத்த வேண்டி வந்ததாம். செவ்வந்தியே சொன்னார்.

ஆனி மாதக் கடைசியில், நூலகத்தில் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால், வீணையைத் துடைக்க உட்கார்ந்தார். தொழில் பழக்கத்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக்கொண்டார். வீணையின் குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் சிறு மரப் பாலம் ஒன்று உண்டு. குதிரை என்பார்கள். அதன் தலையில் ஒரு வெண்கலத் தகடு. தந்திகள் அந்தத் தகட்டின் மேல்தான் படிந்து அதிர வேண்டும். அது கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும். தந்திகளுக்கு அடியில் பஞ்சை விட்டுத் துடைத்தபோது கறுப்பு அழுக்கு கரைந்து, தகட்டில் எண்கள் தெரிந்தன. ஆழமாகப் புள்ளி புள்ளியாக வெட்டிய எண்கள்.

மறுநாள் அவர் நூலகத்துக்குப் போனபோது நானும் அங்கே நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன்.

"இது என்னாங்க?"

"பதிவெண்ணுங்க," என்றார் நாகநாதன்.

"தந்தி உக்கார்ற எடத்துலயா?"

நாகநாதன் விளக்கினார். நூலகத்துக்கு வரும் எதுவும் எண் இல்லாமல் இருக்கக் கூடாது. மரத்தில் முத்திரை குத்த அவருக்கு மனம் வரவில்லை, அழகான வேலைப்பாடு. காகிதம் ஒட்டினால் உரிந்துவிடும். வீணை வந்தபோது தந்திகள் தளர்ந்து குதிரை தனியே கழன்றிருந்தது. உலோகம் என்று இருந்தது அது ஒன்றுதான். கைக்குட்டையில் சுற்றிக் கடைத்தெருவுக்கு எடுத்துப் போய், பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிற ஆளிடம் கொடுத்திருக்கிறார்.

"அழியாம ஆழமா வெட்டுப்பான்னு நாந்தான் சொன்னேன்."

"கல்யாணச் சீர் குண்டானா இது, பேரு வெட்ட? ஒங்க நம்பராலதாங்க அந்த எரைச்சல். என் கையத்தான கொறை சொல்ல வச்சிட்டீங்க!"

"அது சும்மா தகடுன்னு நெனச்சேங்க. சத்தம் அங்கேருந்துதான் வருதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"சரி, அரத்தால தேச்சு வழவழன்னு பண்ணிடலாம். தஞ்சாவூர்ல செய்வாங்க."

நாகநாதன் முகம் மாறியது. "தேச்சா நம்பர் போயிடுமேங்க. நம்பர் இல்லாத வீணைய ஆடிட்ல எதுன்னு காட்டுவேன்? மேல எழுதிக் கேக்கறேன்."

நாகநாதன் நல்லவர் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் மறுக்கவில்லை. அந்த நல்ல குணத்தால் செவ்வந்திக்கு ஆன நன்மை என்ன என்பதைத்தான் என்னால் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தி ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னார். ஆனந்தவல்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து தகட்டைப் பார்த்தார்.

"அதுவும் காரணமா இருக்கலாம். அது மட்டுந்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். சரி பண்ணி எடுத்துட்டு வா. கை இருக்கா இல்லையான்னு அப்பத் தெரிஞ்சுடும்."

நியாயமான பேச்சுதான். ஆனால் அதற்கு முன்பு செவ்வந்திக்குத் தன் கையில்தான் குறை என்ற உறுதியாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அந்தத் தகடு மாறினாலொழிய அவருக்குத் தன்னைப் பற்றித் தெரிய வழியில்லை.

நாகநாதன் எழுதிய மனு குறுவை நாற்று நிற்கும்போது போனது. பதில் வந்தபோது குறுவை அறுத்தாகிவிட்டது. சேதமடைந்த நூலின் பதிப்பகம் எது, கிழிசல் எந்தப் பக்கத்தில் என்று கேட்டிருந்தார்கள். 'இப்பொருளில் பக்கங்கள் இல்லை' என்று நாகநாதன் பணிவாக எழுதினார். அடுத்த பதில், பொருளை நேரில் கொண்டுவரச் சொன்னது. நாகநாதனும் செவ்வந்தியும் வீணையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்க்க வேண்டிய அதிகாரி விடுப்பில் இருந்தார். இன்னொரு நாள் போனார்கள். அவர் மாற்றலாகிப் போயிருந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் செவ்வந்தி தவறாமல் வீணையைத் திருப்பிக் கொடுத்து, மறுநாள் எடுத்து வந்துகொண்டிருந்தார். இரைச்சலோடு தினமும் காலையில் வாசித்தார். நான் ஒரு முறை ஏன் என்று கேட்டேன்.

"நான் எடுக்காம விட்டா, யாரும் எடுக்கறதில்லன்னு எழுதிப் பூட்டிடுவாங்க சார்."

தை அறுவடை நேரத்தில் மழை பெய்து பிரபுவின் சம்பா சாய்ந்தது. வேறு வீணை வாங்கும் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. பிரபுவும் கேலியை விட்டுவிட்டார். "ஒரு அரத்த வாங்கி நானே தேச்சுடறேன், கேஸு போட்டா போடட்டும்," என்றார். செவ்வந்தி விடவில்லை. மாறாக, நூலகத்துக்குப் போய் நாகநாதனை எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நின்றார். தபாலில் சேர்க்கவும் தானே போனார். அப்படி மூன்று நான்கு மனுக்கள்.

பங்குனியில் அனுமதி வந்தது. கிழிந்த நூல்களுக்கு பைண்டிங் செய்யும் செலவினத்தின் கீழ், வீணைக்குப் புதுத் தகடு போட்டுக்கொள்ளலாம், பதிவெண்ணை வேறிடத்தில் எழுத வேண்டும். நாகநாதன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரே பரிசோதனை நிலையத்துக்கே வந்துவிட்டார். வரிசையில் இருந்தவர்கள் அவரை உள்ளே விடவில்லை.

"டோக்கன் வாங்கிட்டு வாங்க சார். நாங்கல்லாம் வெறும் வயித்தோட நிக்கறோம்."

டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்துதான் சொன்னார்.

தஞ்சாவூரில் வீணை செய்யும் துரைராசுவின் பட்டறைக்கு இருவரும் போனார்கள். அவர் பழைய தகட்டைப் பார்த்துவிட்டு, நாகநாதனை ஒரு தடவை பார்த்தார். செவ்வந்தி நடந்ததையெல்லாம் சொன்னார். புதுத் தகட்டை வைத்து, தந்தியைப் போட்டு, இரைகிற இடத்தைக் காதால் கேட்டுக் கேட்டு அரத்தால் தேய்த்தார். பதிவெண்ணை வீணைக் குடத்தின் அடியில் சிறியதாக எழுதினார். பிறகு வீணையைச் செவ்வந்தியின் பக்கம் நகர்த்தினார்.

செவ்வந்தி சரளி வரிசையை வாசித்தார். ஒவ்வொரு சுரமும் தனியாக, சுத்தமாக வந்தது.

"கை நல்லாத்தானம்மா இருக்கு. யாரு சொன்னது இல்லன்னு?" என்றார் துரைராசு.

"இதுதானாங்க அந்தச் சத்தம்?" என்று நாகநாதன் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. செவ்வந்தி இரண்டாம் காலத்தில், இரட்டிப்பு வேகத்தில், இன்னொரு முறை வாசித்தார். அதுவும் பிசகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆனந்தவல்லி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தான் சொன்னது தவறு என்று அவர் சொல்லவில்லை. "அடுத்த பாடம், ஜண்டை வரிசை ஆரம்பிக்கலாம். அடுத்த வாரம் சீக்கிரமா வந்துடு," என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய வார்த்தை.

தவணை முடிந்த அன்று செவ்வந்தி வீணையை நூலகத்துக்குக் கொண்டுவந்தார். நாகநாதன் அவருக்காக ஒரு செய்தி வைத்திருந்தார். விதியைத் தன் பொறுப்பிலேயே தளர்த்தியிருந்தார். வேலையில் சேர்ந்து அவர் இப்படிச் செய்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"இனிமே ராத்திரி இங்க தங்க வேணாங்க. இப்பவே புதுப்பிச்சுத் தர்றேன். அப்பிடியே எடுத்துட்டுப் போங்க."

"வேணாங்க. வேற யாராச்சும் கேட்டா குடுங்க."

"நாளைக்கு வர்றீங்களா?"

"இல்லங்க. எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு."

செவ்வந்தி உள்ளே அலமாரிப் பக்கம் போனார். திரும்பி வந்து மேசைமேல் வைத்தது ஒரு மொழிபெயர்ப்பு நாவலையும் பழங்கால நாணயங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தையும். நாகநாதன் தேதி முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நின்ற பிரபு, "வீணை எங்க?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. செவ்வந்தி புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்து, "போங்க," என்றார்.