உப்பளத்தில் கூடிய கிராம சபை

எனக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரிந்துவிடும். மரக்காணம் உப்பளங்களை ஒட்டியிருந்த தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்த ஆண்டுகளில், அது தினமும் பத்து மணிவாக்கில் தெரிந்தது. பிள்ளைகள் சுருண்டுபோகும் நேரம் அது. வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினால் பாதி வகுப்பு தலையைத் தொங்கப் போட்டுவிடும். மதியம் சத்துணவு உண்டு, முட்டையும் உண்டு. அதுவரை வயிறு சும்மா இருக்குமா?

பெற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிவிட வேண்டும் என்பதால் விடிவதற்கு முன்பே அளத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். முந்தின இரவு நீரூற்றி வைத்த சோறு அவர்களோடு தூக்குச் சட்டியில் போய்விடும். வெறும் வயிற்றோடு பாத்தியில் இறங்கினால் மயங்கி விழ வேண்டியதுதான். பிள்ளைகளுக்குப் பானையில் மிஞ்சுவது நீராகாரம், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

சுனாமி வந்து போன பிறகு சில வாரங்கள், நிவாரண வேன் ஒன்று காலையில் எங்கள் பள்ளியிலும் நின்று ரொட்டியும் பாலும் கொடுத்தது. அந்த வாரங்களில் மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பு நிறைந்துவிடும். பிறகு வேன் வரவில்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, இரக்கப்பட்டு வந்தவர்கள், வேலை முடிந்ததும் போனார்கள். ஆனால் பசி எங்கும் போகவில்லையே. தெருவிளக்கு யார் தயவிலும் எரிவதில்லை, ஊர்ப் பணத்தில் எரிகிறது. பிள்ளைகளின் காலைச் சாப்பாடும் அப்படித்தான் வர வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கேள்வியை நான் முடிப்பதற்குள் பதிலைக் கத்துகிற வாயாடி. அந்த ஏப்ரலில் அவளுடைய அம்மா அளத்திலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்தாள்.

"டீச்சர், ஜூன்லேர்ந்து பாப்பாவ பாண்டிச்சேரில என் தங்கச்சி வீட்டுல வுட்டுடலாம்னு இருக்கேன். அங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல காலைலயே பாலு குடுக்குறாங்களாம்."

"ஒரு டம்ளர் பாலுக்காகப் பெத்த புள்ளைய அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒரு டம்ளர் பாலுதான் டீச்சர். அதுவே எங்கிட்ட இல்லியே."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அம்மாவுக்குப் பின்னால் நின்ற வாயாடி சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே ஊராட்சித் தலைவரைப் பிடித்தேன். அவரும் உப்பளம் குத்தகைக்கு எடுத்தவர்தான். நல்ல மனுஷர், ஆனால் ஊர் முகப்பில் ஒரு அலங்கார வளைவு கட்டிவிட வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

"தலைவரே, வளைவுக்கு அடியில நின்னா புள்ளைங்களுக்குப் பசிக்காதுங்களா?"

"கோச்சிக்காதீங்க டீச்சரம்மா. பஞ்சாயத்துப் பணத்த எடுக்கணும்னா கிராம சபையில தீர்மானம் போடணும். அதுக்கு ஆள் சேரணும். யாரு வர்றாங்க சொல்லுங்க?"

அது உண்மைதான். கூட்டம் ஊராட்சி அலுவலக வாசலில் முற்பகலில் நடக்கும். அளத்து ஜனங்களில் பாதிப் பேர் அப்போது பாத்தியில் இருப்பார்கள், மீதிப் பேர் வீடு திரும்பி அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். வருகிறவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள். அவர்களுக்கு வளைவு பிடித்திருந்ததில் ஆச்சரியம் என்ன?

அடுத்த சபை மே தினத்தன்று. உழைப்பாளர் தினத்தில் உழைக்கிறவர்கள் வர முடியாத கூட்டம்! எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஜனங்க கூட்டத்துக்கு வர முடியலன்னா கூட்டம் ஜனங்ககிட்ட போகட்டும். அளத்துலயே வைங்க."

தலைவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "காலைல சாப்பாட்டுக்குக் கரையேறுவாங்க. அந்த நேரத்துல வெச்சிக்கலாமா?" என்று தனக்குள் கேட்பதுபோல் கேட்டார். அந்தப் பெருமை அவருக்குத்தான் சேர வேண்டும்.

மே தினத்தன்று உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டினார்கள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி பளபளக்கும் ஷூவோடு வரப்பில் தடுமாறி வந்து சேர்ந்தார். ஜனங்கள் கால் கழுவக்கூட நேரமில்லாமல் தூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அத்தனை கூட்டம் சேர்ந்து தலைவரே பார்த்ததில்லை. குடிநீர், தெருவிளக்கு என்று ஒவ்வொன்றாக வாசித்து வளைவுக்கு வந்தார். நான் வெளியூர்க்காரி, எனக்கு அங்கே பேச்சும் இல்லை, ஓட்டும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

வாயாடியின் அம்மா எழுந்தாள். கையில் தூக்கு.

"இதுல இருக்குறது எம்பொண்ணு சாப்புட வேண்டிய சோறுங்க. நான் சாப்புட்டா அவளுக்கு இல்ல. அவ சாப்புட்டா எனக்கு வேல ஓடாது. வளைவு வேணாங்கல, அடுத்த வருசம் கட்டிக்கலாம். இந்த வருசம் புள்ளைங்களுக்குக் காலைல கஞ்சி ஊத்துங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் அப்படியே நின்றன. ஒருவர் மட்டும், "இன்னிக்குக் கஞ்சிம்பீங்க, நாளைக்கு இட்லி கேப்பீங்க" என்றார்.

"கேப்போம்பா, உனக்கும் ரெண்டு வாங்கித் தர்றோம்" என்று ஒரு கிழவி சொல்ல, பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கைகள் உயர்ந்துவிட்டன. சோற்றுப் பருக்கை ஒட்டிய கைகள். தலைவரும் பெருமூச்சு விட்டுக்கொண்டே தூக்கினார்.

"விதியில இடம் இருக்குதான்னு மேல கேக்கணும்மா" என்றார் அதிகாரி.

"கேளுங்க சார். இஸ்கூல் தொறக்குற வரைக்கும்தான் நான் பாப்பேன்."

விடுமுறைக்கே மகளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். நானும் தலைவரும் ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். என் கோபம் முதல்முறையாக ஒரு உருப்படியான வேலைக்குப் பயன்பட்டது. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள்தான் அனுமதி வந்தது, அதுவும் அந்த உப்புப் பருவத்துக்கு மட்டும். சத்துணவு சமைக்கிற அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, வாயாடியின் வீட்டுக்கும் தகவல் அனுப்பினேன்.

மறுநாள் காலை கேழ்வரகுக் கஞ்சி வெல்லம் போட்டுக் கொதித்தது. பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அவளை மட்டும் காணோம். எல்லாரும் குடித்து முடித்தார்கள். பானையில் கொஞ்சம் எடுத்து வைக்கச் சொன்னேன். மணி அடித்தாயிற்று. போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டே வாய்ப்பாட்டைத் தொடங்கினேன்.

வாய்ப்பாட்டில் பாதி போயிருக்கும், வாசலில் நிழலாடியது. அம்மாவும் மகளும். புதுச்சேரியிலிருந்து வந்த பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடி வந்திருக்கிறார்கள், இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"நேத்து ராத்திரிதான் தகவல் வந்துச்சு டீச்சர். விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறிப் போய்க் கூட்டியாந்தேன். இன்னிக்கு வேலைக்குப் போவல."

மகள் என்னைக் கவனிக்கவே இல்லை. நேராகச் சமையலறைக்குப் போய்த் தட்டை நீட்டினாள். அம்மாவுக்கும் ஒரு டம்ளர் ஊற்றச் சொன்னேன். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள்.

"எனக்கு வேணாம் டீச்சர். காலைல அவ சாப்புட்டு நான் பாத்ததே இல்ல. கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேன்."

நான் வகுப்பிலிருந்த நாற்காலியை எடுத்துப்போய் அவளுக்குப் போட்டேன். அன்று வாய்ப்பாடு அதோடு நின்றது.