அட்டவணை மாற்றும் மதியம்

எங்கள் தீவின் பாயான் லெப்பாஸில் விமான நிலையத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு ஹோட்டலில் எங்களைத் தலைவர்களாக்கும் பயிற்சி நடந்தது. தீவிலும் கடல் பாலத்துக்கு அப்பால் பெருநிலத்திலும் உள்ள தனியார் கல்லூரிகளிலிருந்து துறைத் தலைவர்களும் துணை முதல்வர்களும் வந்திருந்தார்கள். பெரும்பாலோர் என்னைப் போல வகுப்பெடுத்துக்கொண்டிருந்தவர்கள். யாரோ ஓய்வு பெற்றதாலோ வேறு கல்லூரிக்கு மாறியதாலோ காலியான நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவர்கள். ஜன்னலுக்கு வெளியே தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. உள்ளே குளிர் அதிகம். முதல் இடைவேளைக்குள் பெண்கள் எல்லோரும் சால்வையையோ கோட்டையோ எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

நான் நெடுநாள் ஒரு தமிழ் நாளிதழில் செய்தியாளராகவும் பிறகு துணையாசிரியராகவும் இருந்தவள். நாளிதழ் பக்கங்களைக் குறைத்தபோது வெளியேறி, ஜார்ஜ் டவுனில் ஒரு கல்லூரியில் இதழியல் கற்பிக்க வந்தேன். எங்கள் துறைத் தலைவராக இருந்த சீனர், தன் மகனோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போனதும் என்னைத் தற்காலிகத் தலைவராக்கினார்கள். பதவியை நிரந்தரமாக்கும் முன் இந்தப் பயிற்சியை முடித்துவிட்டு வரும்படி நிர்வாகம் சொன்னது.

பயிற்சியாளர் கோலாலம்பூரிலிருந்து வந்தவர். மென்மையாகப் பேசுவார். உங்கள் துறையில் தலைவரின் பார்வைக்கு வராமல் நடக்கும் வேலை ஒன்றைச் சொல்லுங்கள், இந்தப் பருவத்தில் அதை எல்லோர் முன்னிலையிலும் நடத்திப் பாருங்கள் என்றார். நான் கால அட்டவணையைச் சொன்னேன். அவர் அதை வெண்பலகையில் எழுதி அடிக்கோடிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் பெருநிலத்துச் செபராங் ஜெயாவிலிருந்து வந்த பொறியியல் துறைத் தலைவர் ஒருவர் என் எதிரில் தட்டோடு வந்து உட்கார்ந்தார். தமிழர், நாற்பது வயதிருக்கும்.

"அக்கா, நீங்க எந்த டிப்பார்ட்மெண்ட்?"

"மாஸ் காம்."

"அப்ப பேசத் தெரிஞ்ச ஆளுங்க. எங்க ஆளுங்க வாயே தொறக்க மாட்டாங்க லா. மீட்டிங்ல எல்லாம் ஓகே ஓகேன்னுவாங்க. அப்புறம் கோப்பிக் கடையில ஒக்காந்து திட்டுவாங்க."

"யாரத் திட்டுவாங்க?"

"என்னத்தான். ஹெட் அலவன்ஸ் எதுக்குக் குடுக்கறான்னு நெனச்சீங்க?" சிரித்துவிட்டுக் கோழியைப் பிய்த்தார். பிறகு தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "நீங்க இப்ப யாரோட சாப்பிடறீங்க?"

"ரூம்ல."

"ம். நான் காடியில. பார்க்கிங்ல நிறுத்தி, ஏர்கான் போட்டுக்கிட்டு."

இருவரும் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தோம்.

பதவி வரும் முன்பு நான் சாப்பிட்டது ஆசிரியர்களின் பேன்ட்ரியில். சிறிய அறை. ஒரு நீள மேசை, ஒரு குளிர்பெட்டி, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. விளம்பரக் கலை நடத்தும் சீன நண்பர், புகைப்படம் கற்பிக்கும் மலாய்ப் பெண், ஆங்கிலக் கட்டுரை நடத்தும் என் சிநேகிதி, நான். சிநேகிதி செபராங் ஜெயாவிலிருந்து தினமும் பாலத்தைத் தாண்டி வருவாள். நாங்கள் இருவரும் ஒரே பருவத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் டப்பாவில் இருப்பதில் பாதி எனக்கு. நான் கடையில் வாங்கி வருவதில் பாதி அவளுக்கு. எனக்குச் சமையல் வராது என்பதை எங்கள் மாடியில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தவள் அவள்தான்.

தலைவரான முதல் வாரமும் அங்கேதான் சாப்பிடப் போனேன். நான் கதவைத் திறந்ததும் பேச்சு நின்றது. பிறகு யாரோ மழையைப் பற்றி ஆரம்பித்தார்கள். செய்தியாளர் நுழைந்ததும் ஒரு கூட்டம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். முகங்கள் அப்படியே இருக்கும், கைகள் மட்டும் வேலை தேடும். அன்று மலாய்ப் பெண் காலியான கோப்பையைக் கலக்கிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வேலை இருப்பதாகச் சொல்லி அறையிலேயே சாப்பிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. துறையின் வாட்ஸ்அப் குழுவில் என் அறிவிப்புகளும் அவற்றுக்குக் கட்டைவிரல்களும் மட்டும் வந்தன. முன்பு அதில் பூனைப் படம், மழைநீர் தேங்கிய சாலை, யாருடைய பிறந்தநாள் கேக்கோ எல்லாம் வரும். அவை இப்போது வேறொரு குழுவில் போய்க்கொண்டிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய புலனாய்வு தேவைப்படவில்லை. அக்கா என்று கூப்பிட்டவர்கள் மேடம் என்றார்கள். சிநேகிதி எப்படியும் கூப்பிடாமல் சமாளித்தாள்.

அட்டவணை விஷயம் இப்படி. ஒவ்வொரு பருவ முடிவிலும், அடுத்த பருவத்தில் யாருக்கு எந்த நேரம் வகுப்பு என்பதைப் பதிவாளர் அலுவலகத்தின் கணினி போட்டுத் தரும். அந்த வரைவைத் துறைத் தலைவர் பேன்ட்ரி மேசையில் ஒரு மதியம் வைப்பார். பிழை பார்க்க என்று பெயர். உண்மையில் ஆசிரியர்கள் தங்களுக்குள் வகுப்பு நேரங்களை மாற்றிக்கொள்வது அப்போதுதான். நானும் அங்கே பேரம் பேசியிருக்கிறேன். பழைய தலைவர் தாளை வைத்துவிட்டு, பசிக்கிறது, கொய்தியாவ் சாப்பிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். நெடுநேரம் கழித்து வந்து, அம்புக்குறிகள் நிறைந்த தாளைப் படிக்காமலே எடுத்துக்கொண்டு போவார். பாஸுக்கு நம்மைவிடக் கொய்தியாவ் முக்கியம் என்று அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். பயிற்சியில் இதைச் சொன்னபோது பொறுப்பில்லாத தலைமைக்கு உதாரணமாகவே சொன்னேன். பயிற்சியாளரும் தலையாட்டினார்.

ஆகவே இந்த முறை நான் வெளியே போகவில்லை. வரைவோடு, எல்லோருக்கும் கொறிக்கக் கறிபாப்பும் வாங்கிக்கொண்டு போய் மேசையில் வைத்து, நடுவில் உட்கார்ந்தேன். யாருக்கு என்ன மாற்றம் வேண்டும், ஏன் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், சேர்ந்து முடிவெடுப்போம் என்றேன்.

சீன நண்பர் எனக்குச் சரிதான் பாஸ் என்றார். மலாய்ப் பெண்ணும் சரி என்றார். சிநேகிதியின் பெயருக்கு நேரே செவ்வாயும் வியாழனும் காலை முதல் வகுப்பு விழுந்திருந்தது.

"பாலத்துல அந்த நேரம் ஜாமாச்சே. மாத்தலாமா?" என்று அவளைக் கேட்டேன்.

"பரவால்ல மேடம். சீக்கிரம் கெளம்பிக்கறேன்."

மேடம் என்று அவள் சொன்னது அதுதான் முதல் முறை. சீன நண்பர் அவளைப் பார்த்தார். பிறகு கறிபாப்பைப் பார்த்தார். அதை நான் கவனித்தேன், காரணம் கேட்கவில்லை. கூட்டம் எந்தச் சண்டையும் இல்லாமல் சீக்கிரம் முடிந்தது. அன்றே அட்டவணையை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, எல்லாம் சுமுகமாக நடந்தது என்று பயிற்சியாளருக்கும் எழுதினேன்.

சில நாள் கழித்து சிநேகிதி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இந்த செமஸ்டரோட நின்னுக்கலாம்னு பாக்கறேன்."

"எதுலேந்து?"

"வேலையிலேந்து. செபராங் ஜெயாவுல ஒரு டியூஷன் சென்டர்ல கூப்பிடறாங்க. வீட்டுக்குப் பக்கம்."

"டியூஷன் சென்டரா? பிள்ளைங்க கத்துனாலே ஒனக்குத் தலைவலி வருமே."

"பழகிக்கலாம் லா."

"டைம்டேபிளாலயா?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மாவுக்கு டயாலிசிஸ். செவ்வா, வியாழன், சனி. காலையில நான்தான் கொண்டு போயி விடணும். தம்பி சிங்கப்பூர்ல இருக்கானே."

"எப்பலேந்து?"

"தீபாவளிக்கு முன்னாடிலேந்து."

அந்தத் தீபாவளிக்கு நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அம்மா சேலைக்கு மேல் ஒரு துண்டை இடது கையை மூடும்படி போட்டுக்கொண்டு, வலது கையால் முறுக்கு எடுத்து வைத்தார். வெயில் கொளுத்திய நாள். துண்டைக் கவனித்தேன். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்; அது ஊசி குத்திய கை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"என் காண்ட்ராக்ட்ட ரினியூ பண்ண ரிப்போர்ட் எழுதறது யாரு?"

"நான் அதப் போயி எழுதுவேனா?"

"எழுத மாட்டீங்க. ஆனா மேல ஆபீஸ்ல கேப்பாங்க, வீட்டுப் பிரச்சினை இருக்கற ஆளான்னு. நீங்க இல்லன்னு பொய் சொல்லணும். ஒங்களுக்குப் பொய் சொல்ல வராது. முகத்துலயே தெரிஞ்சிடும்."

"பேன்ட்ரியில எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும். யாரு எத எடுத்துக்கறதுன்னு பேசியே வச்சிருந்தோம். நீங்க எந்திரிச்சுப் போவீங்க போவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். நீங்க கறிபாப் வேற வாங்கிட்டு வந்து சட்டமா ஒக்காந்துட்டீங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவள் முதலில் அதை அடக்கிக்கொண்டாள். கூட்டத்திலேயே அவள் காரணத்தைச் சொல்லியிருந்தால் நான் அதை அலுவலகத்துக்குக் குறிப்பெழுத வேண்டியிருந்திருக்கும். காரணம் சொல்லாமல் மாற்றம் கேட்டால் நான் ஏன் என்று கேட்டிருப்பேன். அப்புறம் மாற்றவும் வழியில்லை. நான்தான் உடனே அனுப்பிவிட்டேனே. இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. அவள் போன பிறகு நானே கோத்துப் பார்த்தது.

பழைய தலைவர் உண்மையிலேயே பசித்துப் போனாரா, இதற்காகத்தான் போனாரா, எனக்குத் தெரியாது. அவர் எண் என்னிடம் இருக்கிறது. கேட்கவில்லை. உறுதி செய்யாத தகவலை அச்சுக்கு அனுப்பக் கூடாது என்று பழகியவள், உறுதி செய்யவும் தயங்கினேன். அத்தனை பருவங்கள் அவரைப் பார்த்துச் சிரித்த எங்களில் யாராவது ஒருவர் அவரோடு கடைக்குப் போய்ச் சாப்பிட்டதுண்டா என்று மட்டும் யோசித்துப் பார்த்தேன். யாரும் போனதில்லை.

மறுநாள் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் எங்கள் அட்டவணையைத் திரும்பக் கேட்டேன். அங்கிருந்த அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. யார் மாற்றச் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நான்தான் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன் என்றேன். தலைவரான பிறகு வேலையைச் சரிபார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இளம் வயதுக்காரரான அவர் எனக்குச் சொன்னார். கேட்டுக்கொண்டேன். பொய் சொல்ல வராதென்று சிநேகிதி நினைத்தது முழுக்கச் சரியில்லை.

தாளைப் பேன்ட்ரி மேசையில் வைத்தேன். அறையில் எல்லோரும் இருந்தார்கள். எனக்கு வெளியே வேலை இருக்கிறது, திரும்ப நேரமாகும் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு வெளியே எந்த வேலையும் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்தேன். மதியக் கூட்டம் கலைந்து, கடைக்காரர் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மழை பிடித்துக்கொண்டது. கடை முகப்பின் கூரையிட்ட ஐந்தடி நடையில் ஒதுங்கிய சுற்றுலாப் பயணிகள் என்னைத் தாண்டிச் சுவரில் இருந்த பழைய கண்ணாடியைப் படம் பிடித்தார்கள். கோப்பி ஆறியது. இந்நேரம் அங்கே என்னைப் பற்றி என்ன பேசிச் சிரிப்பார்கள் என்று எனக்கு ஏறக்குறைய வரிக்கு வரி தெரியும். சிரிக்கட்டும் என்றுதான் இருந்தது. சிரிப்பு இருந்தால் மாற்றம் நடக்கிறது என்று அர்த்தம்.

திரும்பியபோது பேன்ட்ரியில் யாரும் இல்லை. தாள் முழுக்கப் பென்சில் அம்புகள். செவ்வாய்க் காலையைச் சீன நண்பர் எடுத்துக்கொண்டிருந்தார். வியாழனை மலாய்ப் பெண். சிநேகிதிக்குப் புதன், வெள்ளி மாலைகளின் கடைசி வகுப்புகள் போயிருந்தன. அவை யாருக்குமே பிடிக்காத நேரங்கள். காரணம் எழுத வேண்டிய இடத்தில், ஆசிரியர்கள் ஒப்புக்கொண்ட மாற்றம் என்று எழுதி அனுப்பினேன். அலுவலகம் மறுபடி ஒருமுறை முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொண்டது. சிநேகிதி வேலையை விடவில்லை. அதை அவள் வந்து சொல்லவும் இல்லை. அடுத்த பருவத்துக்கு அவள் பாடநூல்கள் கேட்டிருந்ததிலிருந்து தெரிந்துகொண்டேன்.

என் பதவி உறுதியான நாளில் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"காங்கிராட்ஸ், மேடம்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

கேட்டிருக்கக் கூடாது. கதவு திறந்திருந்தது. பதிவாளர் அலுவலகத்துப் பெண் ஒருத்தி கோப்புகளோடு நடைவழியில் போய்க்கொண்டிருந்தாள். சிநேகிதி அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நல்லா இருக்காங்க மேடம். அவங்களுக்கு என்ன?"

அதற்குப் பிறகு நான் கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொஞ்சம் முன்னதாகவே கல்லூரிக்கு வந்து, அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். சீன நண்பர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படியேறி, முதலில் அவளுக்கு விழுந்திருந்த நேரத்து வகுப்புக்குப் போகிறார். காலை வணக்கம் பாஸ் என்கிறார். அந்த நேரத்தை அவர் அவளுக்குத் திருப்பித் தராதவரை, பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள் அம்மாவைக் கொண்டு போய் விடுகிறாள் என்று பொருள். அம்மா இருக்கிறார் என்பதற்கு எனக்கு வேறு செய்தி கிடையாது.