பாட்டை நிறுத்தப் போர்த்திய பொன்னாடை

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது ஆண்டு. 1987 பொங்கல் விழா என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது 1986, பிப்ரவரி முதல் தேதி, சனிக்கிழமை. விண்கலம் ஏழு பேரோடு வானத்தில் வெடித்துச் சிதறிய செவ்வாய்க்கிழமைக்கு அடுத்து வந்த சனிக்கிழமை. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. நாங்கள் அரங்கம் எடுத்திருந்த உயர்நிலைப் பள்ளியின் வாசலில் கொடி அரைக்கம்பத்தில் இருந்ததை, காரிலிருந்து சாம்பார் அண்டாவை இறக்கியபடியே பார்த்தவன் நான்.

இரண்டாவது பிழையைப் பிழை என்பது மரியாதை. "தலைவரின் யோசனைப்படி, பாடகருக்குப் பாட்டின் நடுவிலேயே பொன்னாடை போர்த்தப்பட்டது" என்கிறது மலர். யோசனையாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நியூ ஜெர்சியில் எங்கள் பொங்கல் தை முதல் தேதிக்கு வராது. பள்ளி அரங்கம் எந்தச் சனிக்கிழமை கிடைக்கிறதோ அந்தச் சனிக்கிழமைக்கு வரும். சங்கத் தலைவர் சிறுநீரக மருத்துவர். நான் வேலை பார்த்த அதே மருத்துவமனையில் அவருக்கு இரண்டாம் மாடியில் அறை, எனக்கு அடித்தளத்தில் இரத்தப் பரிசோதனைக்கூடம். அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, எந்த இசையைக் கேட்டாலும் மூன்றாவது விநாடியில் ராகத்தைச் சொல்லிவிடுவார். மளிகைக் கடையின் பின்னணி இசைக்குக்கூடச் சொல்லியிருக்கிறார். மற்றது, சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்டப்போகும் முதல் தலைவர் தானே என்பது. இடம் வாங்கியாயிற்று. ஆனால் நகராட்சியின் கட்டட அனுமதிக் குழு இழுத்தடித்துக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கார் நெரிசல் என்றார்கள், இரைச்சல் என்றார்கள், வேறு எதையோ நினைத்துக்கொண்டு இவற்றைச் சொன்னார்கள். குழுவின் சேர்மன் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், முன்னாள் ராணுவ வீரர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அடுத்த மாதம் வாக்கெடுப்பு. அனுமதி கிடைக்காவிட்டால் எங்கள் மருத்துவர் வெறும் புல்தரையின் தலைவராகவே பதவிக்காலத்தை முடிக்க வேண்டும். எனவே அந்த ஆண்டுப் பொங்கலுக்கு அந்தக் கிழவர் சிறப்பு விருந்தினர். எனவே அமெரிக்க தேசிய கீதம்.

விண்கலம் வெடித்த மறுநாள் செயற்குழு கூடியது. விழாவைத் தள்ளிப்போடலாமா என்று ஓர் அம்மாள் கேட்டார். இறந்தவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை, குழந்தைகள் எல்லாம் வகுப்பில் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள் என்றார்.

"அது ஃப்ளோரிடால நடந்தது மேடம். நாம நியூ ஜெர்சி," என்றார் தலைவர். "லேடீஸ் எல்லாம் மிளகு, முந்திரி வறுத்து ரெடியா வெச்சாச்சு. இப்போ போய் போஸ்ட்போன் பண்ண முடியுமா?"

அத்தோடு அந்த ஏழு பேரும் முடிந்தார்கள். மீதி மாலை முழுதும், தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அடுத்து அமெரிக்க கீதமா இந்திய கீதமா என்ற சண்டையில் போயிற்று. நான் பேரரசுகளின் வீழ்ச்சியைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அவற்றின் கடைசி அமைச்சரவைக் கூட்டங்கள் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

யார் பாடுவது என்பது அடுத்த சிக்கல். தலைவரின் மகள்தான் பாடுவதாக இருந்தது. "அது அப்படியே நம்ம சங்கராபரணம் சார்! குழந்தை ஜோரா பாடுவா. முன்னாடி சின்னதா ஒரு ஆலாபனை வெச்சா போறும்," என்று தலைவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மெட்டு பழைய ஆங்கிலேயக் குடிகாரர் சங்கம் ஒன்றின் பாட்டிலிருந்து எடுத்தது என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. மகளுக்குப் பதினான்கு வயது, அவளுக்கு எல்லாம் விழுந்திருந்தது. "நோ வே, அப்பா. மை ஃப்ரெண்ட்ஸ் கோ டு தட் ஸ்கூல்," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான்தான் என் நண்பரைச் சொன்னேன். எங்கள் மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் வேலை, ஐம்பது வயதைத் தாண்டியவர், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடுபவர். அதற்கு முன் பல ஆண்டுகள் சோல் இசைக்குழுவொன்றோடு ஊர் ஊராகப் போனவர். சோல் என்பது தேவாலயத்தில் பிறந்து நடனக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்த கறுப்பினத்தவரின் பாட்டு. மதிய உணவின்போது எனக்குக் கதை கதையாகச் சொல்வார். அந்தக் கச்சேரிகளில் ஒரு வழக்கமாம். முக்கியப் பாடகர் உருகி உருகிப் பாடி, இனி முடியாது என்பதுபோல் தள்ளாடுவார். பின்னாலிருந்து ஒருவர் போர்வையோடு வந்து, தோளில் போர்த்தி, தட்டிக்கொடுத்து அழைத்துப்போவார். பாதி வழியில் பாடகர் போர்வையை உதறிவிட்டு மைக்குக்குத் திரும்பி ஓடிவருவார். கூட்டம் பைத்தியமாகிவிடுமாம்.

"நீங்களும் அப்படிச் செய்வீர்களா?" என்று கேட்டேன்.

"நான் போர்வை தூக்கினவன்," என்றார். "பின்பாட்டும் பாடி, போர்வையும் போர்த்துவேன். எனக்கு யாரும் போர்த்தியதில்லை."

தலைவரிடம் தொலைபேசியில் சொன்னேன். "சர்ச்ல பாடறவரா? வெரி குட். டையோட வரச் சொல்லுங்கோ," என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை டை கட்டித்தான் வந்தார் என் நண்பர். சாம்பல் நிறக் கோட்டு, பளபளவென்று துடைத்த காலணி. தலைவர் என்னைத் திரைக்குப் பின்னால் இழுத்தார்.

"என்ன சார் இது? ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"எதை சார்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்கோ." சொல்ல வந்ததைச் சொல்லாமல், தன் முன்கைத் தோலை ஒரு விரலால் தேய்த்துக் காட்டினார். அந்த முன்கைக்கும் என் நண்பரின் முன்கைக்கும் நிறத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க என் பரிசோதனைக்கூடத்துக் கருவியால்கூட முடிந்திருக்காது. "சேர்மன் என்ன நெனைப்பார்? ஹால் கட்டினா இவாள்லாம் வருவானு நெனைச்சுண்டார்னா?"

நண்பர் பத்தடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். மொழி புரியாது. ஆனால் தோலைத் தேய்க்கும் விரலுக்கு மொழி வேண்டாம். அவர் என்னிடம் வந்து ஒன்றுதான் கேட்டார்: "வெளியே கொடி பாதியில் நிற்கிறதே, அதற்கு ஏற்றாற்போல் பாடலாமா?" பாடுங்கள் என்றேன்.

இங்கே பொன்னாடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாராவது சென்னை போய்வந்தால் பெட்டியில் ஒரு டஜன் வரும். சரிகைக் கரை போட்ட பாலியஸ்டர், குளிர்காலத்தில் தொட்டால் பொறி பறக்கும். மேடை ஏறுகிறவர்களுக்கெல்லாம் ஒன்று போர்த்துவோம். மரியாதை என்று வெளியார் நினைப்பார்கள். எங்களுக்கு அதில் வேறொரு பயனும் உண்டு. பேச்சாளர் நிறுத்தாமல் போனால், தலைவர் பின்னாலிருந்து பொன்னாடையோடு வந்து சட்டென்று தோளில் போட்டுவிடுவார். கூட்டம் கைதட்டும். அதற்குமேல் எவராலும் பேச முடியாது. முந்தைய ஆண்டு மதுரையிலிருந்து வந்த ஒரு பட்டிமன்றப் பேச்சாளரை அப்படித்தான், வாக்கியத்தின் நடுவில், அடக்கினோம்.

குத்துவிளக்கு ஏற்றி, தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்தது. நண்பர் மைக்குக்கு வந்தார். பக்கவாத்தியம் இல்லை. எல்லோரும் எழுந்து நின்றோம். சிறப்பு விருந்தினர் நெஞ்சில் கை வைத்தார். மேடையில் அவருக்கும் எனக்கும் நடுவில் நின்ற தலைவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

முதல் வரியிலேயே அந்தக் கை தடுமாறியது. நாங்கள் தொலைக்காட்சியில் கேட்டுப் பழகிய அணிவகுப்பு நடை இல்லை. ஒவ்வொரு சொல்லையும் கீழிருந்து எடுத்து, நிறுத்தி, பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போனார். போர்க்களத்தில் விடிந்ததும் கொடி இன்னும் பறக்கிறதா என்று ஒருவன் கேட்கிற பாட்டு அது. நான் பல ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறேன், அது கேள்வி என்று அன்றுதான் தெரிந்தது. அந்த மனிதர் உண்மையாகவே கேட்டார். பதில் தெரியாதவர்போல் கேட்டார். முன்வரிசையில் பட்டுப்பாவாடைக் குழந்தைகள் ஆடுவதை நிறுத்தினார்கள். பின்னால் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு கரண்டியோடு இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள்.

தலைவரின் கை காற்றில் தொங்கியது. அவர் என் பக்கம் சாய்ந்து, "காந்தாரம் சுத்தமா இல்ல சார். ரெண்டுங்கெட்டானா பேசறது," என்றார். ஏழு பேர் எரிந்து விழுந்த வாரத்தில், ஒரு மனிதன் தொண்டையைத் திறந்து நெஞ்சைக் காட்டிக்கொண்டிருக்கையில், இவருக்குக் காந்தாரம் என்ற ஒற்றைச் சுரம் உறுத்தியது. சங்கீத ஞானம் என்று எங்களூரில் இதைத்தான் சொல்கிறார்கள்.

பாட்டு மேலே ஏறியது. உச்சிக்குப் போகிற கடைசி வரிக்கு முன்னால் நண்பர் நிறுத்தினார். கண்களை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். அரங்கத்தில் வெப்பக்காற்றுக் குழாயின் சத்தம் மட்டும் கேட்டது. விருந்தினர் தலைவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அது கோபம் என்று எடுத்துக்கொண்டார் எங்கள் மருத்துவர்.

"போச்சு. மறந்துட்டார். கெடுத்தார் காரியத்தை," என்று முனகியபடி தட்டிலிருந்து பொன்னாடையை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். ஒரு நாட்டின் தேசிய கீதத்தை, அந்த நாட்டிலேயே, அதற்காகச் சண்டை போட்ட ஒருவரை மேடையில் நிற்கவைத்துக்கொண்டு, பட்டிமன்றப் பேச்சை நிறுத்துவதுபோல் நிறுத்தப் போனார். அந்தத் தோளில் பொன்னாடையைப் போட்டு, இரண்டு கையாலும் பக்கவாட்டில் நகர்த்தினார். எங்கள் ஆட்கள் பழக்கதோஷத்தில் கைதட்டினார்கள்.

நண்பர் கண்ணைத் திறந்தார். சரிகைக் கரையைப் பார்த்தார். பிறகு, போர்த்தப்பட்டவராகவே, குனிந்த தலையோடு மைக்கைவிட்டு இரண்டடி நடந்தார். தலைவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். மூன்றாவது அடியில் நண்பரின் தோள்கள் ஒரு குலுக்குக் குலுங்கின. பொன்னாடை பொறி பறக்கக் கீழே விழுந்தது. திரும்பி வந்து, மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, அந்தக் கடைசி வரியைப் பாடினார். எப்படிப் பாடினார் என்று எழுத எனக்குத் திறமை போதாது. கரண்டியோடு நின்ற பெண்களில் ஒருத்தி வாய்விட்டு அழுதாள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். யாரும் சிரித்துப் பார்த்திராத அந்தக் கிழவர் தரையிலிருந்து பொன்னாடையைத் தானே குனிந்து எடுத்து, மறுபடியும் நண்பருக்குப் போர்த்தி, கட்டிக்கொண்டார்.

பிறகு எங்கள் தலைவரிடம் வந்தார். அந்தக் காலத்துச் சோல் கச்சேரி ஒன்றில் இப்படிப் போர்த்துவதைப் பார்த்ததாகவும், இதைத் தெரிந்துவைத்திருக்கிற ஆட்கள் இந்த ஊருக்கு வேண்டும் என்றும் சொல்லி, "உங்கள் யோசனையா?" என்று கேட்டார்.

ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை மருத்துவர். "ஆமாம் சார். எங்கள் பண்பாடு," என்றார்.

திங்கட்கிழமை மதியம் நான் நண்பரிடம் மன்னிப்பு மாதிரி எதையோ மென்று விழுங்கினேன். அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "அவர் என்னை நிறுத்த வந்தார், தெரியும். நான் எத்தனை பேருக்குப் போர்த்தியிருக்கிறேன்! போர்த்துகிற கை தட்டிக்கொடுக்கும். அவர் கை தள்ளியது." பிறகு சிரித்தார். "ஆனால் எனக்குப் போர்வை கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்று என் மனைவியிடம் சொல்லவில்லை."

அடுத்த மாதம் அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு எதிர் வாக்கு. கட்டடத் திறப்பு விழாவுக்கு நண்பரைக் கூப்பிடலாம் என்று செயற்குழுவில் சொன்னேன். "ரிஸ்க் எடுக்க வேண்டாம் சார். கேசட் போட்டுடலாம்," என்றார் தலைவர். கேசட் போட்டார்கள். அது சங்கராபரணமாகவே ஒலித்தது.

வாக்கெடுப்புக்கு மறுநாள் நான் எக்ஸ்ரே பிரிவின் ஜன்னலருகே ஓர் அறிக்கைக்காகக் காத்திருந்தேன். எங்கள் மருத்துவர் வந்தார். பல வருடங்களாகத் தினமும் அந்த ஜன்னலுக்கு வந்து, அதே கையிலிருந்து படம் வாங்கிப்போகிறவர். அன்றும் கையை மட்டும் நீட்டினார். நண்பர் படத்தைக் கொடுத்து, "டாக்டர், ஹாலுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாமே. வாழ்த்துகள்," என்றார்.

மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டே, "உனக்கு யார் சொன்னது?" என்றார். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. இருந்தாலும் அவர் கேட்டது நீ-யில்தான். பதிலுக்குக் காத்திராமல், யாரோ ஒருவருடைய சிறுநீரகக் கல்லைப் பார்த்தபடியே லிஃப்டுக்குப் போய்விட்டார்.

நண்பர் என்னைப் பார்த்தார். தோளில் இல்லாத பொன்னாடையை இழுத்து மூடிக்கொண்டார். தலையைக் குனிந்து, படம் கழுவும் இருட்டறைப் பக்கம் இரண்டடி நடந்தார். மூன்றாவது அடியில் தோளைக் குலுக்கி அதை உதறிவிட்டு, ஜன்னலுக்குத் திரும்பி வந்து, அடுத்து நின்றவரின் சீட்டை வாங்கினார்.