சத்துமாவில் நெத்தலித் தூள்

கிளினிக்கில் என் மகளின் நிறை இரண்டாம் மாதமும் ஏறவில்லை. குடும்பநல மாது எல்லாத் தாய்மாருக்கும் முன்னால் கேட்டாள்: "சத்துமாவைப் பிள்ளைக்குக் குடுக்கிறனீங்களோ, இல்லாட்டி நீங்கள் சாப்பிடுறனீங்களோ?"

நான் ஒரு கரண்டிகூடத் தின்றதில்லை. தின்றது என் புருஷனும் அவரைப் பெற்ற மாமாவும். இரும்புச்சத்து, விட்டமின் எல்லாம் சேர்த்து நிறை குறைந்த பிள்ளைகளுக்கென்று செய்த மா அது. இவர் அதில் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்துக் கடலுக்குக் கொண்டுபோவார். மாமா பின்னேரத் தேத்தண்ணியோடு அள்ளிப் போடுவார். மன்னார் ரோட்டில் திரிகிற கழுதை தின்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. மா போட்டுவைத்த தகரப் பேணியை ஒளித்தேன், கண்டுபிடித்தார்கள். கத்தினேன், மென்றுகொண்டே கேட்டார்கள்.

கிளினிக்கில் அடுத்த மாப் பக்கெட் கிடைத்தபோது தவக்காலம் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டில் நாற்பது நாளும் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் இல்லை. இவர் வள்ளம் நிறைய மீன் கொண்டுவருவார், ஒரு துண்டு வாயில் வைக்கமாட்டார். மாமா அதைவிட மோசம், கருவாட்டுக் கடைப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்.

நெத்தலிக் கருவாட்டில் தலையைக் கிள்ளி, கழுவிக் காயவைத்து, வறுத்து, கிரைண்டரில் தூளாக்கிச் சத்துமாவில் கலந்தேன். பிள்ளைக்கு நல்லதென்று கிளினிக்கில் சொல்லித்தந்ததுதான்.

அன்று பின்னேரம் மாமா பேணியைத் திறந்தார். மூக்கை வைத்து மணந்தார். பாம்பைக் கண்டவர் போல மூடினார். இவர் என்னிடம் வந்தார்.

"இதுக்குள்ள மச்சம் போட்டது ஆர்?"

"நான்தான். பிள்ளைக்குத் தவக்காலம் இல்லை."

அதற்குப் பிறகு அந்தப் பேணியை நடுவீட்டில் வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சி காய்ச்சினால் மகள் கோப்பையை நக்கி முடிப்பாள். இரண்டு ஆம்பிளைகளும் வெறுந் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு அவளையே பார்ப்பார்கள். எனக்குப் பாவமாக இருக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கு முன்னர் கிளினிக்கில் மகளைத் தராசில் வைத்து நிறுத்தார்கள். நிறை ஏறியிருந்தது. குடும்பநல மாது, இனி நீங்கள் சாப்பிடாதேங்கோ என்று எனக்கே புத்தி சொல்லி இன்னொரு பக்கெட் தந்தாள். வாங்கிப் பையில் வைத்தேன்.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பிள்ளை, அந்த நெத்தலி மா கொஞ்சம் இருக்கோ? நாற்பது நாளா மணந்துகொண்டு இருந்தனான்."

இவரும் பின்னால் நின்றார். இது நடக்குமென்று எனக்குத் தெரியும். வெறும் அரிசி மாவை வறுத்து, அதே தூளைப் போட்டு, வேறொரு பேணியில் வைத்திருந்தேன். அதை எடுத்து மேசையில் குத்தினேன்.

"இது உங்கட. பிள்ளையின்ர பேணியில கை வைச்சா, இந்த வீட்டில வருஷம் முழுக்கத் தவக்காலம்தான்."