வெர்லீன் துடைத்த கூரை

வெர்லீனுக்கு அழுக்கு என்றால் ஆகாது. வீட்டைத் துடைத்துவிட்டுச் சும்மா இருக்கிற ரகமும் இல்லை. குளிர் விட்டால் போதும், ஏணியைச் சாத்திக் கூரைமேல் ஏறிவிடுவாள். சருகைக் கூட்டுவாள், பாசியைச் சுரண்டுவாள், தூக்கிக்கொண்டு நிற்கிற ஷிங்கிள் என்கிற தார் ஓட்டுக்கெல்லாம் அடியில் தார்ப் பசை வைத்து அமுக்குவாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், வயது அறுபதைத் தாண்டியாயிற்று. கணவன் டெல்பர்ட்டுக்கு முழங்கால் வலி. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வதுதான் அவன் வேலை.

"ஊர்ல எல்லாப் பொம்பளையும் தரையைத் துடைப்பா. என் வீட்டுக்காரி வானத்தைத் துடைக்கிறா" என்பான், போகிற வருகிறவர்களிடம்.

"வாயை மூடிட்டு ஏணியைப் பிடிய்யா!" என்று மேலேயிருந்து குரல் வரும்.

அந்த மே மாதம் ஒக்லஹோமாவில் எங்கள் பக்கம் ஆலங்கட்டி மழை அடித்தது பாருங்கள், அடேயப்பா! ஒவ்வொன்றும் சாத்துக்குடி அளவு. மழை விட்டதும் ஊர் வழக்கப்படி எல்லோரும் வாசலுக்கு ஓடி, இருப்பதிலேயே பெரிய கட்டியாகப் பார்த்துப் பொறுக்கி ஃப்ரீசரில் வைத்தார்கள். இன்சூரன்ஸ்காரர் வந்து, "உங்க தெருவுல சின்னதாத்தானே விழுந்துச்சு?" என்று இழுத்தால் எடுத்து மூக்குக்கு நேரே நீட்ட வேண்டாமா? வெர்லீனும் ஒன்றை வைத்தாள். குழாயில் கழுவித்தான் வைத்தாள். கழுவியதில் அது எலுமிச்சை அளவுக்கு இளைத்துப்போனது வேறு விஷயம்.

அவள் கவலையெல்லாம் கூரைதான். அதற்கும் வயதாகிவிட்டது. இந்த மழைக்குப் பிறகு சமையலறையில் ஒழுக ஆரம்பித்திருந்தது. ஆலங்கட்டி அடித்துக் கெட்டது என்று இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்டால் புதுக் கூரை வரும். பழசாகித் தேய்ந்தது என்று சொல்லிவிட்டால் ஒரு பைசா பெயராது, வாளியும் கையுமாக உட்கார வேண்டியதுதான். எதிர்வீட்டு ஓடெல் தகரக் கூரை போட்டவன். அவன் கூரை முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிப் பள்ளம். "தண்ணி உள்ள வரலையே, பாக்கத்தான் நல்லா இல்ல, அதுக்கெல்லாம் தர மாட்டோம்" என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. அதைக் கேட்டதிலிருந்து வெர்லீன் ஃப்ரீசரைத் திறந்து திறந்து அந்தக் கட்டியைப் பார்த்துக்கொண்டாள்.

இன்சூரன்ஸ்காரர் வருவதற்கு முதல் நாள் டெல்பர்ட்டின் தம்பி ஹார்லன் சாப்பிட வந்தான். வந்தவன் ஒரு பெரிய கிளாஸ் குளிர்ந்த டீயோடு சோபாவில் சாய்ந்தான்.

"ஐஸ் தீந்துபோச்சு அண்ணி. உள்ள பெருசா ஒண்ணு கெடந்துச்சு, உடைச்சுப் போட்டுக்கிட்டேன்."

"அடப்பாவி! அது ஆலங்கட்டிடா!"

"அதான பாத்தேன், கொஞ்சம் மண்ணு வாடை அடிச்சுது."

"மண்ணு வாடையா? கழுவித்தானேடா வெச்சேன்!" ஆதாரம் போனதைவிட அந்தப் பேச்சுதான் அவளைச் சுட்டது.

மறுநாள் டுவெய்ன் என்கிற இன்சூரன்ஸ்காரர் வந்தார். கூரைமேல் தவழ்ந்து, கையால் தடவித் தடவி, சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். இறங்கி வந்து தலையைச் சொறிந்தார்.

"பாதி ஆலங்கட்டி மாதிரி இருக்கும்மா, பாதி வயசான தேய்மானம் மாதிரி இருக்கு. சட்டுனு சொல்ல முடியல. கேமரா வண்டியில இருக்கு, எடுத்துட்டு வரேன்."

வாசலில் டெல்பர்ட் அவரை மடக்கி, பீக்கன் கொட்டை போட்டுச் சுட்ட இனிப்புப் பலகாரத்தில் ஒரு பெரிய துண்டைக் கையில் திணித்துவிட்டான். சாப்பிடாமல் போக விடுவானா? அதற்குள் வெர்லீன் அண்ணாந்து பார்த்தாள். தன் கூரை முழுக்கக் கிறுக்கல்! கேமரா என்று அவர் சொன்னது காதில் விழுந்ததோ இல்லையோ, வாளியும் துணியுமாக ஏறிவிட்டாள். மடமடவென்று நாலு வாளி ஊற்றி ஒரு வட்டம் விடாமல் துடைத்தும்விட்டாள்.

டுவெய்ன் ஏணியில் பாதி ஏறி நின்றுவிட்டார். "அம்மா, நான் போட்ட வட்டமெல்லாம் எங்க?"

"துடைச்சுட்டேன். பாருங்க, ஒரு கறை இல்ல!"

"இன்னும் போட்டோவே எடுக்கலையேம்மா!"

வெர்லீன் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது. இத்தனை வருடம் பொத்திப் பொத்திக் காத்த கூரைக்கு இருந்த ஆதாரத்தைத் தன் கையாலேயே துடைத்துவிட்டோமே என்று அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். 

ஈரக் கூரையில் நடந்தால் வழுக்கும். காயட்டும் என்று டுவெய்ன் ஏணியிலேயே நின்றார். வெயில் ஏறியது. கூரை பளிச்சென்று காய்ந்துகொண்டே வந்தது. ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கறுப்புப் புள்ளிகள் மட்டும் காயாமல் நின்றன. பார்க்கப் பார்க்கக் கூரை முழுவதும் புள்ளி.

"அட!" என்றார் டுவெய்ன். "தேய்ஞ்ச இடமா இருந்தா கூடவே காஞ்சிருக்கும். ஆலங்கட்டி குழிச்ச இடம்தான் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்குது. பாசியும் சருகும் கெடந்திருந்தா இது கண்ணுக்கே தெரியாதும்மா. யாரு இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கிறது?"

"நாங்கதான்," என்றான் டெல்பர்ட், ஏணியைப் பிடித்தபடி.

கேமரா கிளிக் கிளிக் என்றது. கூரை முழுக்க மாற்றித் தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அடி தாங்குகிற தடித்த ஷிங்கிளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள் வெர்லீன். தகரத்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பழைய கூரையைப் பிய்க்க ஆட்கள் வந்த காலையில் அவர்களுக்கு முன்னாலேயே ஏணி சாத்தியிருந்தது. மேலே வெர்லீன் துடைப்பத்தோடு நின்றாள், கண் கலங்கியிருந்தது.

"என்னம்மா பண்றீங்க? இப்பப் பிய்ச்சுக் குப்பையிலதானே போடப் போறோம்!" என்றார் மேஸ்திரி.

"போடுங்க, யாரு வேணாம்னா? ஆனா என் வீட்டிலேருந்து அழுக்கா போகக் கூடாது," என்று சொல்லிவிட்டு அவள் கடைசி மூலையைக் கூட்டப் போனாள்.