பதினாறாம் பெட்டியின் சிவப்பு

கல்பகம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் இடி விழுந்தாலும் காதில் ஏறாது. ஒருநாள் ஆய்வுக்கூடத்து ஜன்னல் வழியாகக் குரங்கு ஒன்று இறங்கி, அவள் டிபன் டப்பாவைத் திறந்து, தயிர்சாதத்தைத் தின்று, மாகாளிக்கிழங்கு ஊறுகாயை மட்டும் முகர்ந்து பார்த்து வைத்துவிட்டு, மூடியை மூடிவிட்டே போயிற்றாம். அவள் நிமிரவில்லையாம். மூடியை மூடியது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. டப்பா காலியானது நிஜம்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். சிறு வயதில் தண்டவாளத்து ஜல்லியைப் பாவாடையில் அள்ளி வந்து கொல்லையில் குவிப்பாள். “ஜல்லியெல்லாம் இங்கேதான் இருக்கு. ஒருநாள் ரயிலே நம்மாத்து வாசலுக்கு வந்து நிக்கப்போறது” என்று ஒர்க்‌ஷாப்பில் கடைசல் வேலை பார்த்த அப்பா கேலி செய்வார். ரயில் வரவில்லை. கல்தான் வந்துகொண்டே இருந்தது. பூகர்ப்பவியல் படித்தாள். கல்லுக்குள் ஒளிந்திருக்கும் தாதுவை, அது மயிரிழை கனத்தில் இருந்தாலும், பார்த்துப் பெயர் சொல்லும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். அது வெங்கடகிருஷ்ணன் நடத்தும் தனியார் கனிம ஆய்வுக்கூடம். அவர் காஞ்சன்பாக்கின் அரசாங்கத் தொழிற்சாலையில் உலோகத்தோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். பென்ஷனோடு சும்மா இருக்கத் தெரியாமல் இதைத் தொடங்கி, இப்போது தூக்கமும் இல்லாமல் இருப்பவர்.

ஆய்வுக்கூடம் நொண்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கடலோரத்துக் கோர் வந்தது. கோர் என்றால் துளைபோட்டு எடுத்த கல் உருளை. முறுக்கு அச்சில் பிழிந்ததுபோல நீளநீளமாக, பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். ஆந்திர வடகடலோரத்தில், ஒரு மீனவர் குடியிருப்புக்குப் பின்னால், பூமிக்குள் ஒரு பெரிய பிளவு ஓடுகிறது. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒரே பாயில் படுத்திருந்து, பிறகு பாயைக் கிழித்துக்கொண்டு பிரிந்துபோன காலத்துக் கிழிசல் அது. அதன் இரு பக்கத்துப் பாறையும் ஒன்றோடொன்று உரசி மாவாகிக் கிடக்கும். அடியிலிருந்து ஏறிவந்த வெந்நீர், அந்த இடுக்குகளில் வெள்ளைக் குவார்ட்ஸையும், சாம்பல் மினுக்கோடு ஈயத் தாதுவையும், கொஞ்சம் துத்தநாகத் தாதுவையும் பூசிவிட்டுப் போயிருந்தது.

இதுவரை வாடிக்கையான சமாச்சாரம். பதினாறாம் பெட்டியில்தான் வாடிக்கை கெட்டது. பிளவின் நட்டநடுப் பகுதி அது. ரசாயனச் சோதனையில் பாதரசம் வந்தது. கல்பகம் துண்டை மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒளியைத் திருப்பினாள். இருட்டில் அடுப்புத் தணலை ஊதிவிட்டாற்போல் சிவப்புப் பொறிகள். சாதிலிங்கம். பாதரசத்தின் தாது. இப்படிப்பட்ட பிளவுகளில் மேலே சாதிலிங்கம் இருந்தால் கீழே தங்கம் இருக்க வாய்ப்புண்டு என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் நாக்கு ஊறச் சொல்கிற பேச்சு.

வெங்கடகிருஷ்ணன் அன்று காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் குடித்து, நன்றாயிருக்கிறது என்றார்.

இன்று முற்பகல் பூர்ணா வருகிறாள். துளை போடும் கம்பெனியின் பூகர்ப்பவியலாளர். கல்பகம் கையெழுத்திட்ட அறிக்கையை அவளிடம் தர வேண்டும். அதை நம்பி, கடற்கரையில் காத்துக்கிடக்கும் பெரிய துளையிடும் எந்திரம் பிளவின் ஆழத்துக்கு இறங்கும். கல்பகத்தின் கையெழுத்துக்கு இதுவரை இந்த ஊரில் ஒருவரும் மறுபேச்சுப் பேசியதில்லை. அவளுக்கென்று இருந்த சொத்து அது ஒன்றுதான்.

கையெழுத்துப் போடுமுன், மனத் திருப்திக்காகப் பத்தொன்பதாம் பெட்டித் துண்டையும் மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அது பிளவுக்கு வெகு கீழே இருந்த முழுக் கருங்கல். வெந்நீர் எட்டிப் பார்த்திராத, தாது என்ற பேச்சே இல்லாத கல்.

அதிலும் சிவப்புப் பொறி.

வேறொரு துண்டை வைத்தாள். ஓரத்துக் கீறலில் சிவப்பு. பதினாறுக்குத் திரும்பினாள். போன வாரம் பார்த்து மயங்கியதை இப்போது பகையாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இயற்கையில் விளைந்த சாதிலிங்கம் என்றால் குவார்ட்ஸைக் கட்டிக்கொண்டு, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக அல்லவா இருக்க வேண்டும். இதுவோ சல்லடையில் சலித்ததுபோல் எல்லாம் ஒரே அளவு. கல்லுக்குள் இல்லை. வெட்டிய முகத்தின் கீறல்களில் வந்து உட்கார்ந்திருந்தது.

பதினைந்தாம் பெட்டி வரை சிவப்பே கிடையாது. அவையெல்லாம் ஆயுத பூஜைக்கு முன்னால் வெட்டியவை.

எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கோர் அறுக்கும் கொட்டகைக்கு அவள் நடந்த நடையைப் பார்த்தவர்கள், மேடத்துக்கு என்ன வயிற்றுக் கோளாறோ என்று நினைத்தார்கள்.

அங்கே ஃபெலிக்ஸ், ரப்பர் ஏப்ரனும் காதடைப்பானுமாக, வைர ரம்பத்தின் முன்னால் நின்றிருந்தான். நாகர்கோவில்காரன். கல்லறுக்க இவனை விட்டால் ஆள் கிடையாது. அவள் கையைக் காட்டியதும் ரம்பத்தை நிறுத்தினான்.

“ஃபெலிக்ஸ், பூஜையன்னிக்குப் பூசணிக்காயை எதுல வெட்டினோம்?”

“என்ன மேடம், மறந்திட்டீங்களா? இந்த ரம்பத்திலதான். ரோட்டில உடைச்சா வண்டிக்காரன் சறுக்கி விழுவான்னு சார் நக்கோ, வேண்டாம்னு சொன்னாரு. நீங்கதான், ரம்பத்துக்குத்தானே பூஜை, ரம்பமே வெட்டட்டும்னு சொன்னீங்க.”

சொன்னாள்தான். எல்லோரும் சிரித்தார்கள். பூசணிக்காயில் ஓட்டை போட்டு, பாக்கெட் குங்குமத்தை முழுதாக உள்ளே கொட்டியதும் அவள்தான். வீட்டில் அம்மா இடித்து வைத்த குங்குமம் தீர்ந்துபோய், தெருமுனைத் தள்ளுவண்டியில், கண்ணைப் பறிக்கிற நிறமாயிருக்கிறதே என்று வாங்கிய பாக்கெட். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் அந்த நிறம் வராது, அரைத்த சாதிலிங்கத்தைக் கலந்தால்தான் வரும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்.

“வெட்டினப்புறம் தொட்டித் தண்ணியை மாத்தினியா?”

ரம்பத்தின் சூடு தணிய, அடியில் இருக்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் ஏறி, கல்லின் மேல் பாய்ந்து, திரும்பத் தொட்டிக்கே இறங்கும். ஃபெலிக்ஸ் தொட்டியைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான்.

“பூசணித் தோலை அள்ளிப் போட்டேன் மேடம். தண்ணி… அந்த வாரம் டேங்கர் வரலியே. மேல மேல ஊத்தி ஓட்டிட்டிருந்தேன்.” குரலைத் தாழ்த்தினான். “என்னாச்சு?”

அவள் தொட்டியின் அடியில் கைவிட்டு ஒரு பிடிச் சகதியை எடுத்து வெளிச்சத்தில் விரித்தாள். சாம்பல் சேறு. நடுவில் ஒரு பூசணி விதை. விதையின் பிளவில் குங்குமம்.

ஃபெலிக்ஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

கலப்படம் ஏதும் சேர்ந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று மாதிரிகளுக்கு நடுநடுவே நுழைக்கும் சுத்தமான மணல் இந்த ரம்பத்தைத் தொடுவதேயில்லை. அதனால்தான் அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனாலும் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. ரம்பம் தொடாத கல்முகம் ஒன்று வேண்டும். பதினாறாம் பெட்டிக் கல்லை இரண்டாக அறுத்ததில் ஒரு பாதி சோதனைக்குப் பொடியாகிவிட்டது, மறுபாதி கம்பெனியின் சீல் போட்ட அலமாரியில் இருக்கிறது. அதை அவர்கள் அனுமதி இல்லாமல் உடைத்தால் கல்பகத்தை அப்படியே வீட்டுக்கு அனுப்பலாம்.

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

“சுத்தியலைக் கொடு.”

“மேடம், வேண்டாம். சாரைக் கேட்டுட்டு…”

“கேட்டா வேண்டாம்னுதான் சொல்வார். கொடு.”

சீலை அறுத்தாள். பிளவுப் பகுதியின் ஒரு சாண் கல்லை இரும்புப் பலகையில் வைத்து அடித்தாள். முதல் அடியில் சுத்தியல்தான் துள்ளியது. இரண்டாவதில் கல் வாயைத் திறந்தது. லென்ஸைக் கண்ணில் பதித்துக்கொண்டு புது முகத்தைப் பார்த்தாள். வெள்ளைக் குவார்ட்ஸ். ஈயத் தாதுவின் மினுக்கம். இன்னும் பார்த்தாள். கண்ணில் நீர் வரும்வரை பார்த்தாள். சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை. கல்லைத் திருப்பினாள். ரம்பம் தொட்ட பக்கத்தில் மட்டும், கீறல் ஓரத்தில், மெல்லிய சிவப்புத் தூள்.

“என்னம்மா பண்றே?” வெங்கடகிருஷ்ணன் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் பூர்ணா. சென்னையில் படித்துத் தமிழ் பேசக் கற்றவள். அறுந்த சீலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெங்கடகிருஷ்ணன் கல்பகத்தை ஓரமாக இழுத்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

“இதோ பார், இப்ப கையெழுத்தைப் போட்டுடு. ரெண்டு நாள் கழிச்சு, மறு சோதனையில வித்தியாசமா வந்துடுத்துன்னு சொல்லிக்கலாம். பூசணிக்காய்னு சொன்னா இந்த ஊர்ல எவனாவது இனிமே நமக்கு ஒரு கூழாங்கல்லாவது அனுப்புவானா?”

“ரெண்டு நாள்ல எந்திரம் இறங்கிடும் சார்.”

“இறங்கினா ஏத்திக்கட்டும். இத்தனை பேர் சாப்பாடு இதுலதான் இருக்கு. அதுல உன்னோடதும் உண்டு.”

அது உண்மை.

“கல்பகம் காரு,” என்று தெலுங்கு மரியாதையோடு கூப்பிட்டாள் பூர்ணா. “எந்திரத்து ஆளுங்க போன்ல காத்திட்டிருக்காங்க. ஹவ், சரின்னு சொல்லட்டுமா?”

கல்பகம் உடைந்த கல்லை எடுத்து அவள் கையில் வைத்தாள். லென்ஸைக் கொடுத்தாள்.

“இந்தப் பக்கம் பாருங்க. அப்புறம் அந்தப் பக்கம் பாருங்க. சாதிலிங்கம் உங்க பிளவுலேர்ந்து வரலை. என் பூசணிக்காய்லேர்ந்து வந்தது.”

பூர்ணா பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பூசணி விதையையும் வாங்கிப் பார்த்தாள். பிறகு போனைக் காதில் வைத்துத் தெலுங்கில் இரண்டே வார்த்தை சொன்னாள். எந்திரத்தை நிறுத்து என்று அர்த்தம்.

“எங்க டைரக்டர்கிட்ட நா என்ன சொல்லணும்?” என்றாள் கல்பகத்திடம். குரலில் கோபம் இருந்தது. “ஆந்திரக் கடற்கரையில தங்கம் இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு. ஒரு பூசணிக்காய் தின்னுடுச்சுன்னு சொல்றதா?”

“என் பேரைச் சொல்லுங்க.”

“சீலை யாரு உடைச்சது?”

“நான்தான்.”

“கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டேன்,” என்றாள் பூர்ணா. கல்லைத் திருப்பித் தரவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ரம்பத்தைப் பிரித்துக் கழுவி, கல் எல்லாவற்றையும் புதிதாக உடைத்துச் சோதித்தார்கள். பாதரசம் இல்லை. கடலோரப் பிளவில் ஈயமும் துத்தநாகமும் உண்டு, வெட்டியெடுக்கும் அளவுக்கு இல்லை என்று அறிக்கை போயிற்று. எந்திரம் மீனவர் குடியிருப்பை விட்டு வேறு திசைக்குப் போனது. கம்பெனி மறுபடி பெட்டி அனுப்பவில்லை. வெங்கடகிருஷ்ணன் ஒரு மாதம் கல்பகத்தோடு குறிப்பில் எழுதித்தான் பேசினார். வேலையை விட்டுப் போ என்று மட்டும் எழுதவில்லை. ஊர் முழுக்க அவளுக்குப் பூசணி மேடம் என்ற பேர் நிலைத்தது. கச்சிபௌலியில் கல்லையே பார்த்திராத கம்ப்யூட்டர்காரன்கூட அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தான்.

பிறகு ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து கல் வந்தது. பூசணி மேடம் பார்த்துச் சொன்னால் போதும், அவங்க சொந்தக் குங்குமத்தையே விடலை என்று பூர்ணா சொல்லி அனுப்பினாளாம். அதைக் கேட்ட வெங்கடகிருஷ்ணன் காபியில் சரியாகச் சர்க்கரையே போட்டுக்கொண்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஃபெலிக்ஸ் பூசணிக்காயோடு வந்து நின்றான்.

“எங்க வெட்டணும் மேடம்?”

“கேட்டுக்கு வெளியே, ஓரமா, அரிவாளால. அதுக்கு முன்னாடி இதைச் சோதனைக்குப் போடு.” ஒரு சிட்டிகை குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். வீட்டில் இடித்ததுதான். இருந்தாலும் மாதிரிப் பையில் போட்டு, எண் எழுதி, சீல் வைத்திருந்தாள்.

ரிப்போர்ட் வருகிறவரை கற்பூரம் ஏற்றாமல் காத்திருந்தார்கள். வெங்கடகிருஷ்ணனுக்குப் பசி. சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. கல்பகம் மட்டும் ரம்பத்துக்கு முன்னால் நின்று, எதையும் தொட்டுவிடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.