றோலண்டிடம் மிஞ்சிய சொல்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் றோலண்டைத் தெரியாதவர் கிடையாது. பூண்டுலோயா பஸ்ஸில் வெகுகாலம் கொண்டக்டர். "அண்ணே, இது செமியா?" என்று அரைச்சொகுசு பஸ்ஸின் கூடுதல் காசுக்குப் பயந்து கேட்பவர்களிடம், "நோமல்தாம்மா, நோமல்! சாதா பஸ்தான், பயப்படாம ஏறுங்க" என்று தொண்டை கிழியக் கத்துவார். வயதானவர்கள் ஏறினால் சீட்டைத் தட்டிக் காட்டி உட்காரவைப்பார். ஹட்டனில் ஏறிவிட்டு, "இப்பதான் ஏறினேன்" என்று புளுகுகிறவனைப் போடுவார் பாருங்கள் ஒரு அதட்டு, பஸ்ஸே கப்சிப்!

போன வருசம் பக்கவாதம் வந்தது. பாழாய்ப்போனது, வலது கையையும் காலையும் முடக்கியதோடு நிற்காமல் பேச்சையும் வாரிக்கொண்டு, அந்த 'நோமலை' மட்டும் விட்டுவிட்டுப் போனது. பசித்தாலும் நோமல், முதுகு அரித்தாலும் நோமல். பார்க்க வந்தவர்கள், "மனுசனுக்கு ஒண்ணும் வெளங்கல போல" என்று அவர் முன்னாலேயே சொன்னார்கள். அவர்கள் வாயில் மண்ணைப் போட! மனைவி டோரீனுக்கு எல்லாம் விளங்கியது. இழுத்துச் சொன்னால் தேத்தண்ணி வேண்டும். முணுமுணுத்தால் மருந்து வேண்டாம்.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது டோரீனின் வேலை. ஒருநாள் அங்கேயே தலைசுற்றி விழுந்தாள். டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பிய பக்கத்து வீட்டு நாகலெட்சுமி வாசலிலேயே சத்தம் போட்டாள்.

"பிரஷர் எக்கச்சக்கமா ஏறிருக்காம். நாளைக்கே ஹட்டன் ஆஸ்பத்திரில போய் நிக்கணும். இல்லாட்டி உசுருக்கே ஆபத்தாம்!"

"நான் போய்ப் படுத்துக்கிட்டா இவர யாருக்கா பாக்கிறது? மகளுக்கு மட்டும் சொல்லிராதீங்க. கொழும்பு வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவா."

கட்டிலில் இருந்த றோலண்ட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்ததும் மகள் ஷெரோமியின் போன் வந்தது. அவரும் மகள் குரலைக் கேட்கட்டும் என்று டோரீன் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாள்.

"ம்மா, ஒங்க குரல் ஒரு மாதிரி இருக்கே. பிரஷர் பாத்தீங்களா?"

"பாத்தேன் மகள். எல்லாம் நோமல்."

"நோமல்!"

வீடே அதிர்ந்தது. புளுகுணிப் பயணிகளுக்குப் போட்ட அதே அதட்டு. சிறுமியாக அப்பாவின் பஸ்ஸிலேயே பள்ளிக்கூடம் போனவளுக்கு அது தெரியாதா?

"ம்மா," என்றாள் ஷெரோமி. "நீங்க சொல்றது பொய்ங்கிறாரு அப்பா. உண்மையச் சொல்லுங்க."

டோரீன் உடைந்து அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"காலைல மொத ரயில்ல வாறேன். அப்பாவ நான் பாத்துக்கிறேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறீங்க, அவ்வளவுதான்."

போனை வைத்ததும் டோரீன் அவர் பக்கம் திரும்பினாள். "இருக்கிறதே ஒரு சொல்லு. அத வச்சே என்னையக் காட்டிக் குடுத்துட்டீங்களே, நல்லா இருக்குதா ஒங்களுக்கு?"

றோலண்டின் கண்களும் கலங்கியிருந்தன. இடது கையால் கட்டிலில் தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"நோமல்," என்றார் மெதுவாக.

விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருந்த டோரீன், அவரருகில் போய் உட்கார்ந்தாள்.